குருவாகப் போகலாமா? யாழ்ப்பாணத்து இளைஞருக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு பூசை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது பின்னால் வந்து நிற்பார்கள். "அண்ணை, உங்களோட ஒரு கதை இருக்கு." பெரும்பாலும் பீடப்பணியாளர்களில் ஒருவன். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்பான்: "எனக்கு அழைத்தல் இருக்கோ எண்டு எப்பிடித் தெரியும்?"

என்னிடம் ஏன் வருகிறார்கள் என்றால், நான் கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்குள் போய் வெளியே வந்தவன். ஓ.எல். முடித்துச் சிறிய குருமடம், பிறகு மெய்யியல் (தத்துவப் படிப்பு) இரண்டாம் ஆண்டு வரை. இப்போது பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஃபாதரிடம் கேட்க வெட்கப்படுகிற கேள்விகளை என்னிடம் கேட்கலாம் என்று நினைக்கிறார்கள் போல. ஒவ்வொருவருக்கும் மதிலடியில் நின்று சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. அழைத்தல் என்பது வானத்திலிருந்து கேட்கும் குரல் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் காலம்தான் போகும். திருச்சபை இதை இரண்டு பக்கமாகப் பார்க்கிறது. ஒன்று உனக்குள் இருக்கும் நாட்டம், அதன் நோக்கம், உன் தகுதி. மற்றது, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் உன்னை அழைப்பது. குருத்துவம் எவருக்கும் உரிமை கிடையாது. எவ்வளவு ஆசை இருந்தாலும் திருச்சபை அழைக்காமல் ஒருவர் குருவாக முடியாது. ஆகவே நீ தனியே அறைக்குள் இருந்து முடிவெடுக்க வேண்டிய பாரம் உன் தலையில் இல்லை. உன் பங்கு, உண்மையாகத் தேடிப் பார்ப்பது.

அந்தத் தேடலுக்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே ஒன்று: "வேண்டாம்" என்று சொல்ல உன்னால் முடியுமா? முடியாதென்றால், நீ சொல்லும் "ஆம்" உன்னுடையது இல்லை.

முதற்படி: இது யாருடைய ஆசை?

எனக்கு ஆறு வயதில் நெருப்புக்காய்ச்சல். அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார்: "இவனைக் காப்பாற்றித் தாரும், உமக்கே விட்டுவிடுகிறேன்." நான் பிழைத்தேன். பதினான்கு வயதில் அப்பம்மா இதை எனக்குச் சொன்னபோது, என் வாழ்க்கை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டுவிட்டதாக நினைத்தேன். மறுத்தால் அம்மாவுக்கு என்ன நடக்குமோ என்ற பயம் வேறு.

அப்போது யாரும் சொல்லாத ஒன்றை இப்போது நான் சொல்கிறேன். திருச்சபைச் சட்டம் 1193 சொல்வதன்படி, நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். அம்மா வைத்த நேர்த்தி மகனைக் கட்டாது. அம்மாவின் மனம் பாரமாக இருந்தால், பங்குத்தந்தையே அவரை அதிலிருந்து விடுவிக்கலாம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. இதைச் சொன்னபோது ஒரு தாய் என் முன்னாலேயே அழுதார். ஆறுதலில்தான். பத்து வருடமாக அவரும் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

நேர்த்தி இல்லாவிட்டாலும் வேறு கைகள் முதுகில் இருந்து தள்ளலாம். சில்லாலை, இளவாலை, குருநகர், பாஷையூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒரு குடும்பத்தில் குருவானவர் ஒருவர் இருப்பது பெரிய மதிப்பு. பெரியப்பா ஃபாதர், மாமி சிஸ்டர் என்றால், "அடுத்தது இவன்தான்" என்று கல்யாண வீடுகளில் பகிடியாகச் சொல்லியே பெடியனுக்குப் பாதை போட்டுவிடுவார்கள். இதற்கு நேர்மாறான கையும் உண்டு. இரண்டு தங்கச்சிமாருக்கு அண்ணனாகப் பிறந்தவனுக்கு, "சீதனத்துக்கு ஆர் உழைக்கிறது?" என்ற கேள்வி பின்னால் இழுக்கும். தள்ளும் கை, இழுக்கும் கை இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார். யார் சந்தோஷப்படுவார்கள், யார் கோபப்படுவார்கள் என்று ஆள் ஆளாக எழுது. எழுதிய பிறகு அவர்கள் எல்லாரையும் மனதால் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்.

தப்பி ஓடும் ஆசைகளையும் இங்கேயே பிடித்துவிட வேண்டும். ஏ.எல். சரிவராது என்ற பயம், காதல் முறிந்த வலி, வீட்டில் நாளாந்தம் குடிச்சண்டை, வெளிநாடு போக ஒரு வழி. இவற்றில் ஒன்று உனக்குள் இருப்பதால் அழைத்தல் இல்லை என்று ஆகிவிடாது. மனிதர் எவரும் நூறு வீதம் சுத்தமான நோக்கத்தோடு எதையும் தொடங்குவதில்லை. வெள்ளை அங்கி, மைக், முன்வரிசைக் கதிரை எல்லாம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்தக் காரணத்தைக் கழித்துவிட்டால் வேறு காரணம் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: ஆறு மாதம், ஒரு கொப்பி

புனித இஞ்ஞாசியார் 1521 இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுது போகாமல் கனவு காண்பார். ஒரு நாள் போர்வீரனாகப் பேர் எடுப்பதாக, இன்னொரு நாள் புனிதர்களைப் போல வாழ்வதாக. இரண்டும் காணும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு முடிந்த பிறகு மனம் வறண்டது. இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில் இருந்துதான், கடவுளின் விருப்பம் எது என்று தேர்ந்து தெளிதல் பற்றி அவர் பிற்பாடு சொன்ன எல்லாம் தொடங்குகிறது.

நீயும் அதையே செய். ஒரு சாதாரண கொப்பி எடு. இரவில் படுக்குமுன் நாலு வரி: இன்று எது எனக்குச் சமாதானம் தந்தது, எது குழப்பியது, குருவாவது பற்றி நினைத்தேனா, நினைத்து ஒரு மணித்தியாலம் கழித்து மனம் எப்படி இருந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஜூன் 13 இல் பாஷையூர் அந்தோனியார் திருவிழாவில் சனத்துக்கு நடுவே சொரூபம் வரும்போது யாருக்குத்தான் உடம்பு புல்லரிக்காது? அடுத்த செவ்வாய்க்கிழமை டியூஷன் விட்டு மழையில் நனைந்து வரும்போதும் அந்த எண்ணம் கூட வருகிறதா என்று எழுது.

ஆறு மாதம் ஏன் என்றால், அதற்குள் ஒரு தவக்காலமோ திருவருகைக் காலமோ வரலாம், ஒரு சோதனை வரும், வீட்டில் ஒரு சண்டை வரும், ஒரு பெண்பிள்ளை மேல் விருப்பமும் வரலாம். இவ்வளவையும் தாண்டி எண்ணம் நிற்கிறதா என்று தெரியும். இஞ்ஞாசியார் சொல்லும் இன்னொரு விதியும் இங்கே கை கொடுக்கும்: மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில், வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. வறட்சி வந்த அன்றே கொப்பியைக் கிழிக்க வேண்டாம். அதேபோல, தியானத்தின் கடைசி இரவில் எல்லாரும் அழுதுகொண்டு பாடும்போது வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

செபம் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஞாயிறு தவிர கிழமையில் ஒரு நாளாவது பூசை, மாதம் ஒரு தடவை பாவசங்கீர்த்தனம், தினமும் கால் மணித்தியாலம் நற்செய்தியில் ஒரு பகுதியோடு பேசாமல் இருப்பது. இந்தக் கால் மணித்தியாலம் உனக்குத் தாங்க முடியாத அலுப்பாகவே எப்போதும் இருந்தால் அதையும் கொப்பியில் எழுது. குருக்கள் நாள்தோறும் சொல்லும் கட்டளைச் செபத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டிய வேலைக்கல்லவா கேட்கிறாய்?

மூன்றாம் படி: ஓர் ஏலியைத் தேடு

விவிலியத்தில் வரும் சாமுவேல் கதை உனக்குத் தெரியும். கூப்பிட்ட சத்தம் கேட்டது சாமுவேலுக்கு. அது கடவுளின் சத்தம் என்று கண்டுபிடித்தது குரு ஏலி. அதுவும் மூன்றாவது தரம்தான் அவருக்கே விளங்கியது. இரண்டு தரம் "போய்ப் படு" என்று அனுப்பிவிட்டார். ஆகவே ஃபாதரிடம் முதல் தடவை சொன்னபோது அவர் சிரித்துவிட்டு "ஏ.எல். எடு பாப்பம்" என்றால் மனம் நோக வேண்டியதில்லை. திரும்பவும் போ.

பங்குத்தந்தையிடம் எப்படிக் கதையைத் தொடங்குவது என்று பலருக்குத் திணறல். கிழமை நாளில், பூசைக்குப் பிறகு, "ஃபாதர், குருவாகப் போறதைப் பற்றி யோசிக்கிறன். இன்னும் முடிவில்லை. உங்களோட கதைக்கலாமோ?" என்றால் போதும். "முடிவில்லை" என்ற சொல்லை விட்டுவிடாதே. விட்டால் அடுத்த ஞாயிறு ஊர் முழுக்க நீ குருமடத்துக்குப் போகும் கதை ஓடும்.

பங்குத்தந்தை தவிர, மாதம் ஒருமுறை சந்தித்துப் பேச ஓர் ஆன்மீக வழிகாட்டி வேண்டும். வேறு பங்கின் குருவாக இருக்கலாம், துறவற சபைக் குருவாக இருக்கலாம், அனுபவமுள்ள ஒரு சிஸ்டராகவும் இருக்கலாம். நல்ல வழிகாட்டி உன்னைவிடக் குறைவாகப் பேசுவார். "நீ கட்டாயம் போக வேணும்" என்று இரண்டாம் சந்திப்பிலேயே சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு. இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதிவிடுகிறேன்: சந்திப்பை வீட்டுக்கு மறைக்கச் சொல்பவர், கதவைச் சாத்திக்கொண்டு தொட்டுப் பேசுபவர், நள்ளிரவில் செய்தி அனுப்புபவர் யாராக இருந்தாலும், அன்றோடு நிறுத்திவிட்டு வீட்டிலோ நம்பிக்கையான வேறு பெரியவரிடமோ சொல்ல வேண்டும். அங்கி போட்டிருந்தாலும் இதில் விலக்கில்லை.

குருமடத்துக்குள்ளும் இப்படி ஓர் ஆன்மீகத் தந்தை இருப்பார். அவரிடமும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமும், ஒரு மாணவனைத் திருநிலைப்படுத்தலாமா (குருவாக்கலாமா), வெளியே அனுப்பலாமா என்று ஒருபோதும் அபிப்பிராயம் கேட்கக் கூடாது என்று சட்டம் 240 தடுக்கிறது. மனதைத் திறந்து பேச ஓர் இடம் வேண்டும், அதுவே நாளைக்கு அறிக்கையாக மாறக் கூடாது என்பதற்குத்தான் இந்த வேலி. இது தெரியாமல் நான் இரண்டு வருடம் ஆன்மீகத் தந்தையிடம் நல்ல பிள்ளை வேடம் போட்டேன். வீண்.

நான்காம் படி: திங்கட்கிழமை போய்ப் பார்

நம்முடைய மனதில் இருக்கும் குருவானவரின் படம் பெரும்பாலும் போர்க்காலத்துப் படம். 1995 இல் நவாலி ஆலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்ததும், 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் காணாமற்போனதும், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சனத்தோடு இராணுவத்திடம் போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் திரும்பி வராததும் இன்னும் வீடுகளில் பேசப்படுகின்றன. சனத்தை விட்டு ஓடாதவர் என்ற அந்த மதிப்பில்தான் பல பெடியன்களுக்கு முதல் பொறி விழுகிறது. நல்ல பொறிதான். ஆனால் இன்றைக்குப் பங்குத்தந்தையின் கதவைத் தட்டுவது வேறு விதமான துயரம்: நுண்கடன் கட்ட முடியாத தாய், போதைக்குள் விழுந்த மகன், கனடாவுக்குப் போக வீட்டை ஈடு வைத்து ஏமாந்த குடும்பம்.

ஆகவே பங்குத்தந்தையிடம் கேட்டு, ஒரு சாதாரணத் திங்கள், செவ்வாய் அவரோடு சுற்று. விடியப் பூசைக்கு எட்டுப் பேர் இருப்பார்கள். பிறகு நோயாளிகளுக்கு நற்கருணை. நாலு வீட்டில் ஒரே கதையை நாலு தரம் கேட்க வேண்டும். பத்து மணிக்குச் செத்தவீடு. மத்தியானம் ஆலயக் கூரைக்கு மேசனோடு பேரம். பின்னேரம் பங்குச் சபைக் கூட்டம்: நவநாளின் எந்த நாள் உபயம் எந்தப் பகுதிக்கு, சொரூபம் எந்த ஒழுங்கையால் வர வேண்டும் என்று இரண்டு மணித்தியாலம் சண்டை. இரவு தனியே சாப்பாடு. யாராவது கொண்டுவந்து மூடி வைத்துவிட்டுப் போன புட்டு ஆறிப்போய் இருக்கும்.

அந்த இரவை விசேடமாகக் கவனி. முடிந்தால் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கோ, அல்லது வன்னியில் ஒரு சின்னப் பங்குக்கோ போய் இரண்டு நாள் தங்கிப் பார். யாழ் மறைமாவட்டம் என்றால் யாழ்ப்பாண நகரம் மட்டுமில்லை; கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள்தான். ஆயர் எங்கே அனுப்புகிறாரோ அங்கேதான் போக வேண்டும், சில வருடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்னோர் இடத்துக்கு. நான் இப்படி ஒரு சின்னப் பங்கில் தங்கிய மூன்றாம் இரவில்தான் எனக்கு முதல் முதலாகச் சந்தேகம் வந்தது. மின்சாரமும் இல்லை. அந்த ஃபாதரோ திண்ணையில் இருந்து நிம்மதியாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் படி: மறைமாவட்டமா, சபையா?

பலர் தெரிந்த ஃபாதர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

மறைமாவட்டக் குரு ஓர் ஆயரோடும் ஒரு நிலப்பரப்போடும் கட்டப்பட்டவர். மணமாகா வாழ்வுக்கும் ஆயருக்குக் கீழ்ப்படிவதற்கும் வாக்குக் கொடுக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது. எளிமையாக வாழ வேண்டும், ஆனால் அவர் பேரில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கலாம். துறவற சபைக் குரு கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளும் எடுத்து, ஒரு குழுமத்தில் வாழ்கிறார். முதலில் துறவி, பிறகுதான் குரு. சபையில் சேர்ந்ததும் வரும் பயிற்சிக் காலமான நவசந்நியாசத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும், அது குறைந்தது 12 மாதம்; அதன் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்று வருடம், பிறகே நித்திய வார்த்தைப்பாடு.

நமக்குக் கிட்டத்தில் நன்கு தெரிந்த சபை அமலமரித் தியாகிகள். 1847 இல் இலங்கைக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களும் பங்குகளும் வளர்ந்ததில் அவர்கள் கை பெரிது. சலேசியன், கிளறேசியன், இயேசு சபை என்று நாட்டில் வேறு சபைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலைத்தளம், தனித்தனிச் செப முறை. உனக்குப் பிடித்தது பீடமோ பிரசங்கமோ இல்லாமல், மௌனமும் செபமும்தான் என்றால், தோலகட்டிக்கு ஒரு தடவை போ. 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம் அங்கே இருக்கிறது. நெல்லிரசம் வாங்கத்தான் பெரும்பாலானோர் போகிறோம். உள்ளே ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பார்த்தவர்கள் குறைவு.

இரண்டு மூன்று இடத்தின் அழைத்தல் முகாம்களுக்குப் போய்ப் பார்ப்பதில் துரோகம் ஏதுமில்லை. ஒரு முகாமில் பெயர் கொடுத்ததால் அங்கேயே சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

திருமணமானவர்கள் சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம்முடைய இலத்தீன் திருச்சபை முறையில் திருமணமானவர் குருவாவதற்குத் தடை உண்டு. குருவுக்கு முந்திய படியான திருத்தொண்டர் நிலையிலேயே நிற்கும் நிரந்தரத் திருத்தொண்டராகலாம்: 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதம் வேண்டும். அந்தப் பணியை ஒரு நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவருவதா என்பதை அந்நாட்டு ஆயர் பேரவைதான் முடிவு செய்கிறது.

ஆறாம் படி: உடம்பு, மனம், பழைய கதைகள்

மணமாகா வாழ்வு பற்றி முகாம்களில் கேட்டால் உயரமான பதில்கள் கிடைக்கும். நான் தரையில் நின்று சொல்கிறேன். பெண்கள் மேல் ஈர்ப்பு வருவது அழைத்தல் இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை; வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று எங்கள் பழைய குருமட அதிபர் பகிடியாகச் சொல்வார். பார்க்க வேண்டியது, ஒரு பெண்ணைக் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுத் திருவிழாவுக்குப் போவது உனக்கு நல்லதாகத் தெரிகிறதா என்பதைத்தான். நல்லதாகத் தெரிய வேண்டும். அது நல்லது என்று தெரிந்தே விட்டுக்கொடுப்பதுதான் விட்டுக்கொடுப்பு. கல்யாணம் அசிங்கம், பெண்கள் தொல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறவன் பின்னால் பெண்களையே நிந்திக்கும் குருவாவான். அப்படிச் சிலரின் பிரசங்கத்தை நாம் கேட்டிருக்கிறோம்.

ஆபாசப் படப் பழக்கம், குடி, கைத்தொலைபேசியில் சூது, சிறு வயதில் யாராவது செய்த கொடுமை. இவை இருந்தால் குருமடம் போனால் சரியாகிவிடும் என்று நம்பாதே. அங்கி எதையும் குணப்படுத்தாது. முதலில் வழிகாட்டியிடம், தேவையென்றால் மனநல ஆலோசகரிடம். சரிசெய்துகொண்டு ஒரு வருடம் பிந்திப் போனால் குறைந்துவிடாது.

சட்டப்படியான தடைகளும் உண்டு. பணியைச் செய்ய முடியாதபடி ஆக்கும் மனநோய், கொலை, கருக்கலைப்புக்கு உடந்தையாயிருந்தது, தற்கொலை முயற்சி, விசுவாசத்தை வெளிப்படையாகக் கைவிட்டது போன்றவை. சிலவற்றிலிருந்து உரோமோ ஆயரோ விலக்களிக்க முடியும். நம்முடைய மண்ணில் இளவயதில் விரக்தியில் தவறான முடிவுக்குப் போய்த் தப்பியவர்கள் குறைவில்லை. அப்படி ஒன்று இருந்தால் மறைக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. கடைசி வருடத்தில் வெளியே வந்தால்தான் பெரிய வலி.

வீட்டில் சொல்வது

இதைப் பெற்றோரிடம் நேராகவே சொல்கிறேன்.

மகன் வந்து சொன்னால், அன்றைக்கே கேக் வெட்டவும் வேண்டாம், அன்றைக்கே அழுது விழவும் வேண்டாம். "சரி தம்பி, யோசி. நாங்கள் செபிக்கிறம். போனாலும் எங்கட பிள்ளைதான், திரும்பி வந்தாலும் எங்கட பிள்ளைதான்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் பாதியைத் தவறாமல் சொல்லுங்கள். அவன் குருமடத்தில் கஷ்டப்படும் இரவில் அந்த வசனம்தான் அவனைப் பொய் சொல்லாமல் காப்பாற்றும். ஒருவரைத் திருநிலைப்பாடு பெறும்படி எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் 1026 சொல்கிறது. தகுதியுள்ளவரைத் தடுக்கவும் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இரண்டு வகைப் பெற்றோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

எல்லாம் முடிவாகிவிட்டது போல, உறவுக்காரர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டாம். இலண்டனில் இருக்கும் சித்தி காசு அனுப்பத் தொடங்கிவிட்டால், அந்தக் காசும் ஒரு கயிறு.

ஏழாம் படி: விண்ணப்பம்

இது வேகமாக முடியும் பகுதி. பங்குத்தந்தை மூலமாக மறைமாவட்ட அழைத்தல் இயக்குநரிடம் பெயர் போகும். சந்திப்புகள், முகாம், நேர்முகம் என்று நடக்கும். வயது, பெறுபேறு பற்றிய விதிகளைப் பங்குத்தந்தையிடமே கேட்டுக்கொள். பொதுவாகக் கேட்கப்படுபவை திருமுழுக்கு, உறுதிபூசுதல் அத்தாட்சிப் பத்திரங்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பதிவு, பள்ளிக்கூடச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, பங்குத்தந்தையின் கடிதம். திருமுழுக்குப் பத்திரத்தைப் புதிதாக எடுக்க வேண்டும். ஏனென்றால் உறுதிபூசுதல், திருமணம் போன்றவை அந்த ஏட்டின் ஓரத்தில்தான் பிறகு குறிக்கப்படுகின்றன.

இடப்பெயர்வில் ஏடு தொலைந்த பங்குக்காரருக்கு இங்கே பயம் வரும். பயப்படத் தேவையில்லை. யாருக்கும் பாதகமில்லாத இடத்தில், நம்பத்தக்க ஒரு சாட்சி சொன்னாலே திருமுழுக்கை நிரூபிக்கப் போதும் (சட்டம் 876). ஞானத்தாய் உயிரோடிருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போ.

முன்பு வேறொரு குருமடத்திலோ சபையிலோ இருந்து விலகியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். அந்த இடத்துத் தலைவரின் சாட்சியக் கடிதம் கேட்கப்படும், குறிப்பாக எதற்காக வெளியேறினாய் என்பது பற்றி. உளவியல் பரிசோதனைக்கும் போகச் சொல்லலாம். உன் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய மாட்டார்கள். அதில் "சரியான விடை" தேடாதே. மைக்கறையைக் காட்டி இது என்ன என்று கேட்டால், வண்ணத்துப்பூச்சி என்று தோன்றினால் வண்ணத்துப்பூச்சி என்றே சொல்லு. புறா என்று மாற்ற வேண்டாம்.

உள்ளே போன பிறகும் தேடல் நிற்பதில்லை

குருமடத்துக்குள் காலடி வைத்ததும் தீர்மானம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது. திருச்சபை அப்படி நினைக்கவில்லை. பாடசாலை வயதில் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் புனித மாட்டீனார் சிறிய குருமடத்தில் இருப்பார்கள். பிறகு கொழும்புத்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடம். வடக்குக் கிழக்கின் தமிழ் மாணவர்கள் படிக்கும் இடம். கண்டி அம்பிட்டிய தேசிய குருமடத்துக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பப்படுபவர்களும் உண்டு.

2016 இல் உரோம் வெளியிட்ட, குருக்களைப் பயிற்றுவிப்பதற்கான உருவாக்க விதிகள் இந்தக் காலத்தை நாலு கட்டமாகப் பிரிக்கின்றன. முதலில் ஒன்று முதல் இரண்டு வருட ஆயத்தக் காலம். அடுத்தது மெய்யியல், குறைந்தது இரண்டு வருடம். சீடத்துவக் காலம் என்கிறார்கள். பிறகு நாலு வருட இறையியல். கடைசியில் திருத்தொண்டராகப் பங்கில் பணி. இடையில் ஒரு வருடக் களப்பணியும் வரலாம். ஏ.எல். முடித்துப் போகிறவன் குருவாகும்போது 28, 29 வயது ஆகிவிடும். சட்டப்படி 25 வயது நிறையாமல் குருவாகவும் முடியாது. திருத்தொண்டர் நிலைக்கும் குருத்துவத்துக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும்.

படிப்பில் மட்டும் புள்ளி போட மாட்டார்கள். மனிதப் பண்பு, ஆன்மீகம், அறிவு, மேய்ப்புப் பணி என நாலையும் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் அதிகம் பேர் தடுமாறுவது முதலாவதில்தான். கோப்பை கழுவும் முறை வந்தால் மெல்ல நழுவுகிறவன், தோற்றால் கிரிக்கெட் மட்டையை எறிகிறவன், தன் ஊர்க்காரனோடு மட்டும் சேர்கிறவன். சாதி பற்றி வாயால் பேசாமல் நடத்தையால் பேசுகிறவனும் இருந்தான். இவற்றைக் கவனிக்காத உருவாக்குநர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

திருநிலைப்படுத்தலுக்கு முன் உன்னைப் பற்றிச் சனத்திடமும் விசாரிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தத் திருச்சடங்கிலேயே ஆயர், "இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா?" என்று கேட்க, இறைமக்களிடம் விசாரித்ததாகச் சாட்சி சொல்லித்தான் பதில் வருகிறது.

வெளியே வருவது

நான் வந்தது ஒரு வியாழக்கிழமை. பெட்டியோடு பஸ்ஸில் இறங்கி, பின் ஒழுங்கையால் வீட்டுக்குப் போனேன். "கலைச்சுப் போட்டினமாம்" என்று சந்தியில் கதை. யாரும் கலைக்கவில்லை. ஆன்மீகத் தந்தையிடம் கடைசியில் வேடத்தைக் கழற்றி உண்மையைச் சொன்னேன். நாலு மாதம் பேசினோம். அம்மாவின் பயத்துக்காகத்தான் இருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அதிபர் தன் கையால் தேநீர் போட்டுத் தந்து வழியனுப்பினார். ஊர் மட்டும் ஒன்றரை வருடம் என்னைத் துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

வந்தவனிடம் "ஏன் வந்தனி?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியோ?" என்று கேளுங்கள். குருமடத்தின் வேலை குருக்களைச் செய்வது மட்டுமில்லை, குருவாக வேண்டாதவனுக்கு அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும்தான். பீடத்தில் வாசகம் வாசிக்க அவனையே திரும்பவும் கூப்பிடுங்கள்.

பிந்திப் போகிறவர்களும் உண்டு. மானிப்பாயில் 1875 இல் பிறந்த ஞானப்பிரகாசர் முதலில் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டுக் குருமடம் போய் 1901 இல் குருவானார். நல்லூர்ச் சுவாமியார் என்று பெயர்பெற்ற அவரைத் தமிழறிஞராக அறிந்தவர்கள் பலர், அந்த ரயில்வே வேலையை மறந்துவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் வங்கி வேலையில் இருந்துகொண்டு "பிந்திப் போச்சோ?" என்று கேட்பவருக்கு நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

ஒரு தாள்

திருத்தொண்டராகவும் குருவாகவும் திருநிலைப்படுத்தப்படுமுன் ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு ஒரு தாள் கொடுக்க வேண்டும் (சட்டம் 1036): இதை நான் என் சொந்த விருப்பத்தோடும் சுதந்திரத்தோடும் பெறுகிறேன், வாழ்நாள் முழுவதும் இந்தப் பணிக்கு என்னைக் கையளிக்கிறேன் என்று. கணினியில் அடித்தால் செல்லாது.

எட்டு வருடம் பொறுத்து எழுத வேண்டிய அந்தத் தாளை இப்போதே ஒரு தடவை எழுதிப் பார்க்கச் சொல்வேன். எங்கள் பங்கில் ஒருவன் எழுதினான். "சொந்த விருப்பத்தோடு" என்ற இடம் வந்ததும் பேனை நின்றுவிட்டதாம். கிழித்துவிட்டு ஏ.எல். படித்தான், கணக்காளர் படிப்புக்குப் போனான். போன மாதம் பூசை முடிந்து சைக்கிளடியில் வந்து நின்றான். சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினான். "இந்த முறை கடைசி வரைக்கும் எழுதீட்டன் அண்ணை. இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

"வைக்காத," என்றேன். "முதல்ல ஃபாதரிட்டைக் காட்டு."